மச்சானின் பத்திரிகையை நிறுத்திய கதை

துறைமுகத்தை விரிவாக்கப் போகிறார்கள் என்று பழவேற்காட்டைச் சுற்றிய குப்பங்களெல்லாம் கொதித்துக் கிடந்த சமயம். என் மனைவியின் தம்பி கையால் எழுதி, பொன்னேரியில் ஜெராக்ஸ் போட்டு, ஒரு பத்திரிகை நடத்தினான். இரண்டே பக்கம். மீன் ஏலக் கொட்டகைத் தூணில் ஒட்டுவான். நம் பஞ்சாயத்தார் ஐந்து பேர் துறைமுகக் கம்பெனிக்காரர்களை ரகசியமாகப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று ஒருநாள் எழுதியிருந்தான்.

உண்மைதான். அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன்.

அன்றைக்கே கூடினோம். எங்களில் மூத்தவர் தயங்கினார். "தடுத்தா ஜனம் அதத்தான் நம்பும். வெள்ளக்காரன் பத்திரிகைய இழுத்து மூடுனான், இன்னா ஆச்சு? வாய் வாயா பரவுச்சு."

"வுட்டா ஊரு ரெண்டாப் பூடும்" என்றார் தலைவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த இதழில் பெயர்கள் வந்துவிடும் என்பதுதான் என் கவலை.

"பேப்பர தொடாதீங்க. அவன் பாட்ட நிறுத்துங்க" என்றேன்.

பாடு என்பது ஏரியில் வலை போட முறைவைத்து வரும் உரிமை. அது போனால் பிழைப்பு போயிற்று. அவனோடு யாரும் பேசக்கூடாது, அவன் வீட்டு இறாலை யாரும் ஏலத்தில் கேட்கக்கூடாது என்றும் முடிவானது.

மறுநாள் காலை, கடைசியாகப் பிடித்த இறாலோடு அவன் மனைவி கொட்டகைக்கு வந்தாள். ஐஸ் உருகி வாடை கிளம்பும்வரை நின்றாள்.

"அண்ணா, நீயாவது கேளேன்."

நான் பக்கத்துக் கூடைக்கு விலை கேட்டேன்.

அன்று மதியம் என் மனைவி தம்பிக்குச் சோறு எடுத்துப் போனாள். வழியிலேயே தூக்கைப் பிடுங்கி மணலில் கொட்டினேன். அவள் அழவில்லை. குனிந்து, மண் ஒட்டாத சோற்றை மட்டும் அள்ளிக்கொண்டு அவன் வீட்டுக்கே போனாள்.

அடுத்த இதழில் ஐந்து பெயர்களும் வந்தன. தூண் பக்கம் யாரும் நிற்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூத்தவர் சொன்னபடியே ஆயிற்று. ஒரே மாதத்தில் ஊர்க்காரர்கள் எங்களைப் பஞ்சாயத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களும் அவன் பாட்டைத் திருப்பித் தரவில்லை. "நாளிக்கி எங்களயும் எழுதுவான்" என்றார்கள். அவன் குடும்பத்தோடு மீஞ்சூருக்குப் போய், ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினான்.

போன மாசிக்குப் பொன்னேரி பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "மச்சான்" என்று கூப்பிட்டேன்.

"இன்னா சார்?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் பஸ் ஏறிவிட்டான்.