தட்டில் வராத கட்டி

சென்னம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. செம்மேட்டில் பஸ் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் அவள் வீடு. இரண்டு வருஷமாக மாதத்தில் பத்து, பன்னிரண்டு நாள் உதிரம் போனது. அந்த நாட்களிலும் மரவள்ளி பிடுங்கினாள், விறகு சுமந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதோ என்று பயந்து உட்காராமலே இருந்தாள்.

கர்ப்பப்பையில் எலுமிச்சை அளவு கட்டி. சேலத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிக்காமல், தொடை மடிப்பில் துளையிட்டு மெல்லிய குழாய் விட்டு வைத்தியம் செய்தார்கள். இரண்டு வாரம் பாரம் தூக்காமல் ஓய்வாக இருக்கச் சொன்னார்கள். மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அந்த இரண்டு வாரத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை பெற்றபோதுகூட அவள் அத்தனை நாள் படுத்ததில்லை.

அவள் புருஷன் பூபதிக்குத்தான் சமாதானமில்லை. பக்கத்து வீட்டு யமுனாவுக்குக் கட்டியோடு கர்ப்பப்பையை எடுத்தபோது, எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். வயிற்றில் ஒரு சாண் தையல். மூன்று மாசம் அவள் குடம் தொடவில்லை. பூபதியும் தட்டுக்காக ஆபரேஷன் ரூம் வாசலில் நின்றான். தட்டு வரவேயில்லை.

நான்காம் நாள் காலையில் சொன்னான்: "தையலும் இல்ல, கட்டியும் காட்டல. ஊசி குத்தி அனுப்பிச்சுட்டாங்க. நாளைக்கு லாரி வருது. எந்திரி, கெழங்கு புடுங்கோணும்."

"அடிவயிறு இழுக்குதுங்க."

"யமுனாளுக்கு இழுத்தா நாயம். உனக்கு என்னத்த அறுத்தாங்க?"

கடுகளவு துளையும் ஆறிப்போயிருந்தது. காட்ட ஒன்றுமில்லை. சென்னம்மாள் மண்வெட்டியை எடுத்தாள்.

அப்போதுதான் சுகாதார நர்ஸ் பிரிசில்லா சத்து மாத்திரையோடு வந்தாள். பூபதி அவளிடமும் தட்டுக் கதையைச் சொன்னான்.

"கட்டிய அறுக்கலீங்கண்ணா. அதுக்கு ரத்தம் போற வாய்க்கால அடைச்சிருக்காங்க. தண்ணி பாயாத பயிராட்டம் வாடிச் சுருங்கும். ஆறு மாசம் ஆகும்."

"அப்ப கட்டி இன்னும் உள்ளதான் கெடக்குதுங்களா?"

"உள்ளதாங்க."

பூபதி சென்னம்மாளின் வயிற்றைப் பார்த்தான். கட்டியை எடுத்துப்போட்ட யமுனாளே மூணு மாசம் படுத்தாள்; இவள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டல்லவா நிற்கிறாள். மண்வெட்டியை வெடுக்கென்று பிடுங்கினான்.

"போய்ப் படு. அது சுருங்கற வரைக்கும் எந்திரிக்காத."

"ரெண்டு வாரம் போதுங்..." என்று பிரிசில்லா ஆரம்பித்தாள்.

சென்னம்மாள் அவள் முழங்கையை அழுத்தினாள். "மாத்திரையக் குடுங்க சிஸ்டர்."

மாத்திரையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பாயை விரித்தாள்.