மாமன் சீரும் ஒட்டுப் போர்வையும்

தொண்ணூறுகளின் கடைசியில், கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தபோது, பதின்வயதிலிருந்த என் மகனும் மகளும் முதலில் தங்களுக்குள் பேசுவதை நிறுத்தினார்கள், பிறகு என்னோடும். எனக்கு நேரம் நிறையக் கிடைத்தது. நூலகத்தில் நவீன ஓவியம் பற்றி இரண்டு புத்தகம் படித்துவிட்டு, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, அவர்களையே ஒரு போர்வையாக்கத் துணிந்தேன். முகம் கிடையாது, வெறும் வடிவங்கள். மகன் ஒரு மஞ்சள் சதுரம், எப்படித் திருப்பினாலும் கோணல். அது கலையல்ல, எனக்கு நேராக வெட்ட வராது.

மகளுக்குத்தான் நிறம் அமையவில்லை. அவளே பீரோவிலிருந்து ஓர் அரக்கு நிறப் பட்டுப்புடவையை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். அவள் பெரியவளானபோது மதுராந்தகத்திலிருக்கும் என் அண்ணன் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்தது. அதைக் கட்டி உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்த நாளை அவள் மன்னிக்கவே இல்லை. வெட்டு என்றாள், பல நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. வெட்டினேன். கூரான முக்கோணங்கள், அசல் அவளேதான்.

மாமல்லபுரத்தில் ஒரு சின்னக் கண்காட்சியில் அதைத் தொங்கவிட்டார்கள். பெருமை தாங்காமல் அண்ணனுக்கு நானே போன் செய்து வரச் சொன்னேன். இந்தப் புத்தி எந்தப் புத்தகத்திலிருந்து வந்ததென்று தெரியவில்லை.

அவர் போர்வையைப் பார்க்கவில்லை, ஜரிகையைப் பார்த்தார்.

"இன்னாடி இது? மாமன் சீர கூறு போட்டு மாட்டிவெச்சிக்கினு, அதப் பாக்க என்னியே கூப்புட்டுகிறியா?"

இது சீர் இல்லை, உங்கள் மருமகளின் உருவம் என்று விளக்கினேன். அதற்கப்புறம்தான் நிஜமான கோபம் வந்தது. உடனே கழற்றாவிட்டால் அவள் கல்யாணத்துக்கு மாமனே கிடையாது என்றார். மாமன் ஏறாத மணமேடையைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்கள் எத்தனை வருடம் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். கழற்ற ஸ்டூலில் ஏறிவிட்டேன்.

"அம்மா, எறங்கு," என்றாள் கூட வந்திருந்த மகள். பிறகு அவரிடம், "மாமா, நான்தான் வெட்டச் சொன்னேன். அன்னிக்கு மைக்ல ஊருக்கே சொன்னீங்களே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

போர்வை சுவரிலேயே இருந்தது. அண்ணன் பஸ் ஏறிவிட்டார். பல வருடம் அண்ணி மூலமாகத் திட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

மகளின் கல்யாணப் பத்திரிகையோடு நாங்கள் போனபோது அவர் கொல்லைப்பக்கம் நழுவிவிட்டார். வரமாட்டார் என்றே முடிவுகட்டினோம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மண்டப வாசலில் ஒரு வேன் வந்து நின்றது, அண்ணன் இறங்கினார். இந்தமுறை சீர் பட்டு இல்லை. இரண்டு பேர் தூக்கிவந்த பித்தளை அண்டாவை என் காலடியில் இறக்கச் சொன்னார்.

"இத வெட்டு, பாக்கலாம்."

என்னைத் தாண்டிப் போய் மேடையில் மருமகள் பக்கத்தில் நின்றுகொண்டார். அதற்குப் பிறகும் எனக்குத் திட்டு அண்ணி மூலமாகத்தான்.