அவசரம் அண்ணன் கேட்ட கேள்வி

சகலையைப் பார்த்துப் பொறாமைப்பட உலகத்தில் எத்தனையோ விஷயம் இருக்கிறது. சகலையின் கார், சகலையின் மொட்டைமாடி, இந்த வயதிலும் கொட்டாத சகலையின் தலைமுடி. இவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல், முறைப்படி பொறாமைப்பட்டு முடித்த பிறகு, நம் எம்பிராய்டரிக் கடைக்காரர் புதிய துறை ஒன்றில் இறங்கினார். சகலை கேட்கிற கேள்விகளைப் பார்த்துப் பொறாமைப்பட ஆரம்பித்தார். இந்தத் துறையில் அவருக்கு முன்னோடி யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

கடை, மருந்துக் கடைக்கு மேலே ஒரே அறை. அறை நடுவில் பன்னிரண்டு ஊசி வைத்த கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். அதைச் சுற்றி நூல்கண்டுகளும் சட்டைக் கட்டுகளும் போக, மிச்சமிருக்கிற இடத்தில் முதலாளி. ஊரின் மறுகோடியில் சகலைக்கும் இதே தொழில். இருவரும் ஒரே நாளில், ஒரே கம்பெனியில், ஒரே மாடல் மெஷின் வாங்கியவர்கள். மெஷின் ரிப்பேரானால் ஓடிவர ஊரில் ஆள் கிடையாது. அதனால் எம்பிராய்டரிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் இணையக் குழு ஒன்றில் இருவரும் உறுப்பினர்கள். கேள்வியை எழுதிப் போட்டால், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள்.

சொல்ல வேண்டும். நம்மவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"அவசரம்!!! மெஷின் ஓடவில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்." எல்லாக் கேள்வியையும் அவர் இப்படித்தான் கேட்பார். குழுவில் அவருக்கு 'அவசரம் அண்ணன்' என்று பெயர் விழுந்தது இதனால்தான். எந்த மாடல் என்று ஒருவர் கேட்டார். ஸ்க்ரீனில் என்ன காட்டுகிறது என்று இன்னொருவர் கேட்டார்.

"அதெல்லாம் தெரிஞ்சா நான் எதுக்குங்க இங்க வந்து கேக்கறேன்?" என்று நம்மவர் எழுதினார்.

"அப்ப ஜோசியரைத்தான் பாக்கணும்ணே," என்று ஒருவர் பதில் போட்டார். அதற்கு ஏகப்பட்ட சிரிப்புப் பொம்மைகள் வந்தன. பதில்தான் வரவில்லை.

அதே வாரம் சகலை ஒரு கேள்வி போட்டார். மாடல் இன்னது, துணி பனியன் துணி, மூன்றாவது ஊசியில் மட்டும் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, ஊசியை மாற்றியும் நூலை மாற்றியும் பார்த்தாகிவிட்டது, அறுந்த நுனி இப்படி இருக்கிறது என்று ஒரு படம். கேள்வி போட்டுவிட்டு அவர் டீ குடித்து முடிப்பதற்குள் பதில்கள் வந்து விழுந்தன. ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் குழுவுக்கே தலைவர் மாதிரி; யாரையும் லேசில் பாராட்டாதவர். அவரே, "கேட்டா இப்படிக் கேக்கணும்" என்று எழுதி, மெல்லிய ஊசி போட்டு மேல்நூல் டென்ஷனை, அதாவது நூலின் இழுப்பை, தளர்த்தும்படி விளக்கமாகச் சொல்லியிருந்தார்.

நம்மவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார்.

"எல்லாம் ஆள் பாத்துத்தான் பதில் சொல்றானுங்க," என்றார் மனைவியிடம். "உன் தங்கச்சி புருஷன் தும்மினாக்கூட நாலு பேர் மருந்து சொல்வான்."

"அவர் எங்க வலிக்குதுன்னு சொல்றாரு. நீங்க வலிக்குது வலிக்குதுன்னு கத்தறீங்க," என்றாள் மனைவி, சட்டைகளை மடித்துக்கொண்டே.

"நீயும் அந்தக் குரூப்ல சேந்துட்டியா?"

இந்த நிலையில்தான் பெரிய ஓட்டல் ஒன்றின் ஆர்டர் வந்தது. ஊழியர்கள் எல்லாருடைய சட்டைப் பையிலும் சிவப்பு நூலில் ஓட்டலின் சின்னம். மெஷின் நாலு தையல் போட்டது, நின்றது. 'நூல் அறுந்துவிட்டது' என்று ஸ்க்ரீன் சொன்னது. நூலோ கல்லு மாதிரி அப்படியே இருந்தது. தட்டினால் ஓடியது, மறுபடி நின்றது. ஓட்டல் மேனேஜர் போன் செய்தார்.

"சார், திங்கக்கிழமைக்குள்ள முடியலன்னா சொல்லிடுங்க. உங்க சகலை செஞ்சு தர்றேன்னாரு."

ஆர்டர் போனால் போகட்டும். உலகத்தில் வேறு எவனிடம் வேண்டுமானாலும் போகட்டும். சகலையிடம் போகக்கூடாது! ஆகவே அவர் கௌரவம் பார்க்காமல் ஒரு காரியம் செய்தார். சகலையின் பழைய கேள்வியைத் தேடியெடுத்து, ஒரு புள்ளிகூட விடாமல், படத்தோடு சேர்த்துத் தன் பெயரில் போட்டார்.

மனைவி எட்டிப்பார்த்தாள். "ஏங்க, இது அவர் மெஷினுக்கு வந்த கோளாறுல்ல?"

"ஒரே மெஷின், ஒரே மாமனார். கேள்வி மட்டும் வேற வேறயா இருக்கணுமா?"

அவர் கணக்கு தப்பவில்லை. பதில்கள் கொட்டின. "அண்ணன் தேறிட்டாரு!" என்று கைதட்டல்கூட வந்தது. மெக்கானிக் மறுபடியும் பொறுமையாக, மெல்லிய ஊசி, டென்ஷனைத் தளர்த்து என்று எழுதினார். நம்மவர் புளகாங்கிதம் அடைந்து அப்படியே செய்தார். மெஷினை ஓட்டினார். நாலு தையலில் பழையபடி நின்றது. சட்டையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் சிவப்பு நூல் சுருண்டு சுருண்டு குருவிக்கூடு கட்டியிருந்தது. முன்பு ஓடாமல் மட்டும் இருந்த மெஷின், இப்போது ஓடாமலும் இருந்தது, ஓடியவரைக்கும் கெடுத்தும் வைத்தது.

இது சதி என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. சகலைக்கு ஒரு பதில், தனக்கு ஒரு பதில். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தது சதியின் நுணுக்கத்தைத்தான் காட்டியது. சாயங்காலம் டீயைக்கூடத் தொடாமல் உட்கார்ந்து குழுவுக்கு ஒரு புகார் எழுதினார். உதவி கேட்கும்போது அவருக்கு எதுவும் ஞாபகம் வராதே தவிர, குறை சொல்லும்போது ஞாபகசக்தி அபாரம். சாட்சி இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டார்.

"என் சகலையும் நானும் வைத்திருப்பது ஒரே மாடல். அவருடைய கேள்வியைத்தான் நானும் போட்டேன். நீங்கள் சொன்னபடி மெல்லிய ஊசி போட்டேன், மேல்நூல் டென்ஷனைத் தளர்த்தினேன். அவருக்குச் சரியானது எனக்கு ஏன் ஆகவில்லை? அவருக்கு நூல் உண்மையிலேயே அறுந்தது. எனக்கு நூல் அறுபடவே இல்லை, அறுந்ததாக மெஷின் பொய் சொல்கிறது. அதுவும் ஆறாவது ஊசியில் மட்டும். பக்கத்திலேயே ஏழாவது ஊசியில் வேறு நிற நூல் நிற்காமல் ஓடுகிறது. டென்ஷனைத் தளர்த்தும் முன்பு அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது, இப்போது இருக்கிற லட்சணத்தைப் படத்தில் பாருங்கள். இது நியாயமா?"

போட்டுவிட்டு, வசைகளை எதிர்பார்த்துத் தயாராக இருந்தார். முதல் பதில் வந்தது. சகலையிடமிருந்து.

"அண்ணே, டென்ஷனைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்துருங்க. ஆறாவது ஊசிக்கு நூல் வர்ற வழியில, மேல ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். அது சுத்துறத வச்சுத்தான் நூல் ஓடுதா அறுந்துச்சான்னு மெஷின் கண்டுபிடிக்கும். விரலால சுத்திப் பாருங்க. சுத்தலைன்னா பஞ்சு அடைச்சிருக்கு, எடுத்துருங்க."

மனைவி சக்கரத்தைத் தேடி எழுந்துவிட்டாள்.

"உக்காரு," என்றார் நம்மவர். "வேற யாராவது சொல்லட்டும்."

"மேனேஜர் நாளைக்குப் போன் பண்ணுவாருங்க!"

"அவன் சொல்லிச் சரியாச்சுன்னா காலம் பூரா உன் தங்கச்சி அதையே சொல்லிக்காட்டுவா. மெக்கானிக் சொல்லட்டும், செய்யலாம்."

காத்திருந்தார்கள். மெக்கானிக்கும் எழுதினார்: "சகலை சொன்னதுதான். சீக்கிரம் செய்ங்க தம்பி."

வேறு வழியில்லை. சக்கரத்தைத் தொட்டார், அசையவில்லை. ஊசியால் கிளறினார். பிறந்த நாளிலிருந்து மெஷின் சேர்த்து வைத்திருந்த பஞ்சு சுருளாக வந்தது. டென்ஷனையும் ஊசியையும் பழையபடி வைத்தார். மெஷின் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஓட்டல் சட்டைகள் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தன. ஆர்டர் சகலையிடம் போகவில்லை.

மெக்கானிக் அந்தப் புகாரைக் குழுவின் உச்சியில் நிரந்தரமாகக் குத்திவைத்தார். புதிதாக யார் வந்து மொட்டையாகக் கேட்டாலும், "அவசரம் அண்ணன் மாதிரி கேளுங்க" என்று அங்கே அனுப்புகிறார்கள். நம்மவர் அதை வாடிக்கையாளர்களுக்கெல்லாம் காட்டினார். காட்டிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் கவனித்தார்: தன் கேள்விக்கு விழுந்த லைக்கைவிட, கீழே சகலையின் பதிலுக்கு விழுந்தது அதிகம்.

அன்றிலிருந்து அவர் சகலையால் பதில் சொல்லவே முடியாத ஒரு கேள்வியைத் தேடிக்கொண்டிருக்கிறார். மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, காதைச் சாய்த்து, ஏதாவது சத்தம் மாறுகிறதா என்று உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, நல்லாத்தானே ஓடுது?" என்றாள் மனைவி.

"அதான்," என்றார் அவர் கடுப்போடு. "அவன் மெஷின்ல இன்னிக்குப் புதுசா ஒரு கோளாறு. காலையிலயே கேள்வி போட்டுட்டான்."