முதல் சம்பியனின் ஊர்

விசா முடியுமுன் கொடுத்த விண்ணப்பத்துக்கு விசா முடியுமுன் எழுத்தில் பதில் தரவேண்டும் என்பது விதி. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு விதிகள் மனப்பாடம். அவை நடந்து பார்த்தது குறைவு.

போரினால் ஊர் திரும்ப முடியாமல் கண்டக்குழிக் கடற்கரை விடுதியில் தங்கியிருந்த உக்ரேனியருக்கு நான்தான் விசா நீடிப்புப் படிவம் நிரப்பினேன். நெடிய உருவம், வெயிலில் உரிந்த மூக்கு. பதற்றம் வந்தால் தம் நாட்டுக் கால்பந்து லீக் சம்பியன்களை 1992 முதல் வரிசையாகச் சொல்வார். 2022 வந்ததும் நின்றுவிடுவார். போரினால் அந்த ஆண்டு சம்பியனே இல்லை.

விசா இருபதாம் திகதி முடிய இருந்தது. பிறந்த இடம் ‘சிம்ஃபெரோபோல், உக்ரேன்’ என்று எழுதியிருந்தோம். குடிவரவு அலுவலக உத்தியோகத்தர் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்தார்.

“சேர், இந்த ஊர் இப்ப ரஷ்யாட கையிலதானே ஈக்கிது? நாட்டுப் பெயர வெட்டித் தாங்க, இப்பவே சீல் அடிக்கிறேன்.”

மொழிபெயர்த்தேன். உக்ரேனியர் பேனாவைத் தொடவில்லை.

“உக்ரேனின் முதல் லீக்கை வென்றது எங்கள் ஊர். வேறு நாட்டு ஊர் எப்படி வெல்லும் என்று கேளுங்கள்.”

கேட்டேன்.

“அப்ப அதையும் எழுதி இணைங்க சேர். மேலிடத்துல கேட்டுத்தான் சொல்லணும்.”

முப்பது ஆண்டுச் சம்பியன்களும் இணைப்பு நான்கு ஆனார்கள். இருபதாம் திகதி காலைவரை பதில் இல்லை. விசா இல்லாமல் ஒரு நாளும் தங்கமாட்டேன் என்று விமானம் ஏறினார். எந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லை. ஒரு சொல்லை வெட்டியிருந்தால் போதும் என்பது அவருக்கும் தெரியும். விசாவை நீடித்த கடிதம் இருபத்திரண்டாம் திகதி வந்தது.