கானாவூர்ப் பந்தியில் அம்மா

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு பெயிண்ட் கடையைத் தாண்டும்போது டர்பன்டைன் வாடை அடித்தது. ஆர்மீனியாக்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் மாதா கோயில் சுவரில் படம் வரைய, புதுச்சேரியிலிருந்து பங்குச் சாமியார் கூட்டி வந்தவர். பெயர் அராம். அவர் நாட்டில் ஓவியக் கல்லூரிப் பேராசிரியராம். சோவியத் தேசம் உடைந்து, பனிக்காலத்தில் கரண்டும் விறகும் இல்லாமல் போனபோது, பிள்ளை விறைத்துவிடக் கூடாதென்று தன் படச் சட்டங்களை அடுப்பில் போட்டாராம். பிறகு படங்களையும். எட்டாவதோடு நின்ற எனக்கு ஆர்மீனியா என்றால் திருவெண்ணெய்நல்லூருக்கு அந்தாண்டை ஏதோ ஓர் ஊர். மற்றவர்கள் 'ரஷ்யாக்காரரு' என்பார்கள். அவருக்குக் காது சிவந்துவிடும்.

சாரம் கட்டிக் கொடுத்தது நான். அவர் பைபிளில் ஏசு போன கானாவூர்க் கல்யாணத்தை நம்மூர்ப் பந்தியாகவே வரைந்தார், வாழையிலை போட்டு. முகத்துக்கு ஆள் கேட்டார். வந்தவர்களை வந்த வரிசையிலேயே உட்கார வைத்துவிட்டார். பூசையில் எங்கள் காலனிக்கு ஒரு பக்கம், தெருக்காரர்களுக்கு ஒரு பக்கம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அம்மா, தான் கூலிக்குப் போகும் நிலத்துக்காரருக்குப் பக்கத்து இலையில் இருந்தாள்.

எனக்குத் தூக்கம் போச்சு. நாளைக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வேறு முகம் போடச் சொல்லட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"திருடிக்கினா உக்காந்தேன்? கூப்டாரு, உக்காந்தேன்" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் தெருப் பெரியவர்கள் சாமியாரை வளைத்துக்கொண்டார்கள். பந்தியைப் பிரிக்கணும், நடுவில் ஒரு தூண் வரைந்தாலும் போதும் என்றார்கள். சாமியார் இங்கிலீஷில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அராம் பிரஷ்ஷை நிலத்துக்காரரிடம் நீட்டினார்; அவர் கேட்டதைச் சாமியார் தமிழில் சொன்னார்.

"யார் எழுந்து போகணும்? நீங்க அழிங்க."

நிலத்துக்காரர் பிரஷ்ஷை வாங்கவில்லை. அப்போது பெண்கள் பக்கமிருந்து அம்மா குரல்: "எலயில இன்னும் சோறே வெக்கல சாமி. அதுக்குள்ள இன்னா பேஜாரு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போனது.

மறுநாள் அராம் பஸ் ஏறிவிட்டார். அம்மாவை மட்டும் மறைத்தால் ஒட்டியிருந்த நிலத்துக்காரர் தோளும் போகும் என்று, சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். அம்மாவை அந்த நிலத்தில் மறுபடி கூப்பிடவில்லை; செங்கல் சூளைக்குப் போனாள். அராம் ஊர் திரும்பி மறுபடி பாடம் நடத்துகிறார் என்று சாமியார் ஒருமுறை சொன்னார்.

இப்போது அம்மா இல்லை. வாக்காளர் அட்டையில் இருக்கும் அவள் படம் யாரோ மாதிரி இருக்கிறது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்த முகம் அந்தச் சுண்ணாம்புக்குள் மட்டும்தான் இருந்தது. புதுக்கோயில் கட்ட அந்தச் சுவரை இடித்து, ஏதோ பள்ளம் தூர்க்க லாரியில் கொண்டுபோனார்கள். எந்தப் பள்ளம் என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.