அவர்கள் கட்டிய பன்னிரண்டு வாரம்

கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடும் வேலைக்கு நான் சேர்ந்த நான்காவது வருடம், வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று சென்ட் மனை, என் பெயரில் பட்டா. கணவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறார். இரண்டு பேர் வருமானத்தையும் காட்டினால் கிடைத்துவிடும் என்று நம்பிப் போயிருந்தோம்.

கடன் பிரிவில் இருந்த மேடம் என் பான் கார்டை வாங்கிக் கணினியில் தட்டினார். திரையை மேலிருந்து இன்னொரு முறை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மகளிர் குழுவுல லோன் வாங்கியிருந்தீங்களா?” என்றார்.

“ஆமாங்க. அது முடிஞ்சுபோச்சு.”

“முடியலைங்களே. வராக்கடன்னு தள்ளி வச்சிருக்காங்க. உங்க ஸ்கோர் ரொம்பக் கீழ கெடக்கு. இப்ப அனுப்புனா கண்டிப்பாத் திரும்பி வந்துடும்.”

கணவர் என் பக்கம் திரும்பினார். நான் மேசை மேலிருந்த பேனா ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த லோனை வாங்கியது அதற்கு ஆறு வருடம் முன்னால். விண்ணப்பத்தில் கறவை மாடு வாங்க என்று எழுதிக் கொடுத்தேன். மாடு எதுவும் வாங்கவில்லை. அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அத்தை சீர் நான்தான் கொண்டுபோக வேண்டும். அண்ணி வீட்டார் வசதியானவர்கள், அவர்களுக்கு முன்னால் ஏழு தட்டோடு போய் நிற்க எனக்கு மனசில்லை. இருபத்தொரு தட்டு, பட்டுப்பாவாடை, மேளம் என்று லோன் பணம் முப்பதாயிரமும் ஒரே நாளில் போனது. வாரத் தவணை எழுநூறு, ஐம்பது வாரம்.

அந்த வருடம் கணவர் குத்தகைக்கு எடுத்த மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், சம்பாவும் கதிர் முற்றிய நேரத்தில் மழையில் சாய்ந்து தண்ணீரிலேயே முளைத்துப்போனது. அவர் மெஷின் ஓட்ட ஆந்திராவுக்குக் கிளம்பினார். பத்தொன்பது வாரம் எப்படியோ கட்டினேன். அடுத்த இரண்டு வாரம் சாக்குச் சொன்னேன். மூன்றாவது வாரம், வசூல் நாளான செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு, போனை அணைத்துவிட்டு, குத்தாலத்தில் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேரும் கட்டியாக வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பஸ் ஏறினேன்.

பதினோரு நாள் கழித்துத் திரும்பியபோது தெருக்குழாயில் குழுத்தலைவி அக்கா குடத்தோடு நின்றிருந்தார். அவர் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. வசூலுக்கு வந்தவர் பொழுது சாயும் வரை நகரவில்லையாம். என் மூன்று வாரப் பணம் வராமல் யார் தவணை அட்டையிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றிருக்கிறார். கடைசியில், குழுவில் மூத்தவரான, வயல் வேலைக்குப் போகும் பெரியக்கா காதில் கிடந்த கால் பவுன் தோட்டைக் கழற்றி அடகுக்கடையில் வைத்துக் கட்டியிருக்கிறார்.

“நீ எதிர்ல நின்னு இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூட உன் மூஞ்சியப் பாத்துப் பொறுத்துருப்போம்,” என்றார் தலைவியக்கா. “பூட்டப் பாத்துக்கிட்டு உக்கார வச்சியேடி.”

அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். தரவில்லை. அதற்குப் பிறகும் ஒன்பது வாரம் நான்கு பேரும் பிரித்துப் போட்டு என் தவணையைக் கட்டினார்கள். எனக்குப் பல வாரம் முன்பே லோன் வாங்கியிருந்த அவர்கள் கணக்கு முடிந்ததும் விட்டுவிட்டார்கள். என்னால் அந்தக் குழுவுக்கு அடுத்த லோன் கிடைக்கவில்லை. நான் அவர்கள் தெரு வழியாகப் போவதை நிறுத்தி, வாய்க்கால் கரையோடு சுற்றிப் போக ஆரம்பித்தேன். கணவர் போனில் கேட்டபோது, “எல்லாம் கட்டி முடிச்சாச்சு” என்றேன்.

வங்கியில் அந்த மேடம்தான் வழி சொன்னார். “கம்பெனிக்குப் போனா பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்னு சொல்வாங்க. ஒத்துக்காதீங்க. அப்படிப் பேசி முடிச்சதா பதிவுல நிக்கும், எந்த வங்கியும் யோசிக்கும். முழுசாக் கட்டி, பாக்கி இல்லைன்னு கடிதம் வாங்குங்க. அப்புறம் சின்னதா ஒரு கடன் வாங்கி, ஒரு நாள்கூடத் தவறாமக் கட்டிக்கிட்டே வாங்க. ஸ்கோர் ஏற ரெண்டு வருஷம் ஆகும்.”

பஸ்ஸில் கணவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஊர் வரப்போகும் நேரத்தில்தான் கேட்டார்.

“கட்டி முடிச்சாச்சுன்னு சொன்னியே?”

“சொன்னேன்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கம்பெனி எங்கள் ஊர்க் கிளையை மூடியிருந்தது. தஞ்சாவூர் அலுவலகத்துக்குப் போனேன். வட்டியோடு பதினெட்டாயிரம் வந்தது. எட்டாயிரம் போதும் என்றார்கள், வேண்டாம், முழுசாகவே கட்டுகிறேன் என்றேன். அஸ்திவாரத்துக்கு என்று சேர்த்த பணம் அது. ரசீது போட்டவர் என் கணக்கை அச்செடுத்து நீட்டினார்.

“முப்பத்தோரு வாரம் கட்டியிருக்கீங்களேம்மா. பாதிக்கு மேல தாண்டிட்டு ஏன் விட்டீங்க?”

நான் கட்டியது பத்தொன்பது வாரம். காகிதத்தில் இருபதிலிருந்து முப்பத்தொன்று வரை, பன்னிரண்டு வரிகளிலும் என் பெயருக்கு நேரே ‘செலுத்தப்பட்டது’ என்று இருந்தது. பெரியக்காவின் தோடு மூன்று வரியாக இருந்தது. அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “கஷ்டங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

வங்கியில் சிறிய வைப்புத்தொகை ஒன்று போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். கேஸ் சிலிண்டரும் மளிகையும் தவிர அதில் எதுவும் வாங்குவதில்லை. கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடுவேன். ஸ்கோர் ஏற அது போதும். அந்த நான்கு பேரும் எந்தக் கணினியிலும் இல்லை.

சம்பளம் வரவர ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். தலைவியக்கா பணத்தை எண்ணிப் பார்த்து, “வட்டி?” என்றார். அடுத்த மாதம் வட்டியும் கொடுத்தேன். இன்னொருத்தி வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திருப்பூருக்குக் குடிபோன மூன்றாமவளுக்குப் போனில் அனுப்பினேன். “யாரோ தப்பா அனுப்பிட்டாங்கன்னு பயந்துட்டேன்டி” என்று கூப்பிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வசவை விடக் கஷ்டமாக இருந்தது.

பெரியக்காவிடம் கடைசியாகத்தான் போனேன். அடகு மீட்க முடியாமல் தோடு மூழ்கிப்போயிருந்தது. அதே கால் பவுனில் ஒரு தோடு வாங்க எனக்குப் பல மாதம் பிடித்தது. அவர் நடவு முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்து நீட்டினேன். தொடவில்லை.

“எம் மவ நிச்சயத்துக்கு எல்லாரும் வந்து உக்காந்திருந்தாங்க,” என்றார். “நான் காதுல வேப்பங்குச்சியச் சொருகிக்கிட்டு நின்னேன். சம்பந்தியம்மா பாத்துட்டுப் பாக்காத மாதிரி திரும்பிக்கிச்சு. உனக்குத் தெரியுமா அது?”

“தெரியாதுக்கா.”

“எப்படித் தெரியும், நீதான் அந்த விசேஷத்துக்கு வரலையே.”

காலில் விழப் போனேன். “அதெல்லாம் வேணாம், எந்திரி” என்று நகர்ந்துகொண்டார். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டப்பாவை வாங்கினார். “இது என்னோடது, அதனால வாங்கிக்கிறேன். பழைய மாதிரி உங்கிட்டப் பேசுவேன்னு நெனச்சுக்காத.”

இன்றுவரை பேசுவதில்லை.

இரண்டு வருடம் முடிந்து மறுபடி வங்கிக்குப் போனபோது, அதே மேடம் கணினியைப் பார்த்துச் சிரித்தார். “நல்லா ஏறியிருக்கும்மா. உங்கள மாதிரி எல்லாரும் சொன்னதக் கேட்டு நடந்தா எங்களுக்கு வேலையே இல்ல.” கணவருக்கு முகம் மலர்ந்தது. நான் தலையாட்டினேன். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. கடன் கிடைத்தது. இப்போது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது.

போன மாதம் வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் எங்கள் தெருவுக்குப் புதுக்குழு சேர்க்க வந்தார். நான்கு பேர் சேர்ந்தாகிவிட்டது, ஐந்தாவதாக நான் வருகிறேனா என்று கேட்டார். எனக்கு லோன் தேவையில்லை. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள், சேர்ந்த நால்வரில் ஒருவராகப் பக்கத்தில் நின்ற தலைவியக்கா, “அவ வேணாம்மா. வேற ஆளப் பாப்போம்” என்றார். குரலில் கோபம் இல்லை, விலை சொல்வதுபோல் சொன்னார்.

அந்தப் பெண் சங்கடப்பட்டு என்னைப் பார்த்தார்.

“அக்கா சொல்றது சரிதாங்க,” என்றேன். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் புதிதாகக் குடிவந்திருக்கிறாள், அவளைக் கேட்டுப் பாருங்கள் என்று வழி காட்டிவிட்டு, செங்கல்லுக்குத் தண்ணீர் விடப் போனேன்.