பனி ஏரியில் முதலில் இறங்கியவர்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் பனியை முதலில் மிதித்தவள் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கோலா கெத்தில் பக்கத்தில் இருக்கும் அந்தப் பாமாயில் செம்பனைத் தோட்டத்தில், பினாங்குப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களே ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடப்பார்கள். நான் நியூசிலாந்துக்குப் போய் வந்தவள். அதற்கேற்ற கர்வம் இருக்கத்தானே செய்யும்?

சித்தப்பா அங்கே ஓர் ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். "நம்ம தோட்டம் மாதிரிதாண்ணே. என்ன, கொசு இல்ல" என்று அப்பாவிடம் போனில் பெருமை அடிப்பார். எனக்குப் பத்து வயதானபோது, ஆண்டு நடுவில் வரும் பள்ளி விடுமுறைக்கு அப்பா, அம்மா, நான் என்று மூவரையும் வரவழைத்தார். நம் ஊரில் ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளக்கும்போது அங்கே குளிர்காலமாம். காட்டுக்குள் மலையேறிப் போனால் பனிக்கு நடுவில் ஓர் ஏரி இருக்கிறது, அங்கே நடந்து போகலாம் என்றார். அந்த ஏரியில் முதலில் கால் வைக்கப்போவது நான்தான் என்று நான் வகுப்பில் அறிவித்துவிட்டேன். திரும்பி வந்ததும் பள்ளிச் சபைகூடலில் பேச வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். விமானம் ஏறுவதற்கு முன்பே பேச்சின் முதல் வரியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

குளிருக்கான உடுப்புகளைச் சுங்கை பட்டாணியில் ஒரு பண்டல் கடையில் வாங்கினோம். எந்த நாட்டிலோ யாரோ போட்டுக் கழித்த கோட்டுகள் அங்கே மலைபோல் குவிந்து கிடக்கும். அப்பாவுக்கு அளவாக அமைந்த கோட்டு பெண்கள் போடுவது என்பதைச் சித்தப்பாதான் விமான நிலையத்தில் கண்டுபிடித்தார்.

"சூடா இருக்கா இல்லையா, அதான் கேள்வி" என்றார் அப்பா.

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். பாம்புக்கும் மேனேஜருக்கும் பயப்படாத மனிதருக்குத் தண்ணீர் என்றால் மட்டும் பயம். நீச்சல் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் நாங்கள் எல்லாரும் கும்மாளம் போடுவோம். அவர் மட்டும் கரையில் உட்கார்ந்து எங்கள் சிலிப்பர்களைக் காவல் காப்பார். "எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட்டா?" என்பார். அந்தக் கிழிந்த சிலிப்பர்களை யார் தூக்கப்போகிறார்கள் என்று அம்மாகூட அவரைக் கேட்டதில்லை.

ஆனால் காட்டுக்குள் அவர்தான் ராஜா. தோட்டத்துக்குப் பின்னால் இருந்த குன்றுக்கு, அவரைபோல நீண்டு தொங்கும் பெத்தாய்க்காய் பறிக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். காட்டின் எல்லையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, வழிவிடும்படி கேட்ட பிறகே உள்ளே கால் வைப்பார். அதற்குப் பிறகு ஒரே சட்டம்தான். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

"பேர் சொல்லிக் கூப்புட்டா திரும்பாத, வாயத் தொறக்காத. நம்ம ஆளு கூப்புட மாட்டான். கூப்புடுறது வேற ஆளு" என்பார். அந்த வேற ஆள் யார் என்று கேட்டால், அதையும் காட்டுக்குள் சொல்லக் கூடாதாம். நம் ஆள் என்றால் 'கூ... கூ...' என்று இரண்டு முறை கூவுவார். பதிலுக்கு நானும் இரண்டு முறை கூவ வேண்டும். இதில் நான் ஒருநாளும் தவறியதில்லை. பள்ளியில் வாய்ப்பாடு தவறும், இது தவறாது.

நியூசிலாந்திலும் பாதை தொடங்குமிடத்தில் அப்பா குல்லாவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சித்தப்பா நெளிந்தார்.

"அண்ணே, வெள்ளக்காரன் பாக்குறான் லா."

"அவனுக்கும் வேணும்னா கும்புடட்டும்."

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஊன்றுகோலோடு மலையேற வந்திருந்த வயதான வெள்ளைக்காரத் தம்பதி. எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். மரங்களின் தண்டெல்லாம் பாசி, கிளையெல்லாம் பனி. மிதித்தால் சர்க்கரை மூட்டையின் மேல் நடப்பதுபோல நறநறவென்று சத்தம் வந்தது. அம்மா இரண்டடிக்கு ஒருமுறை முருகனைக் கூப்பிட்டாள். முருகனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

"அந்த வளைவத் தாண்டினா ஏரிதான்" என்று சித்தப்பா சொன்னதுதான் தாமதம், நான் ஓட்டமெடுத்தேன். பின்னால் அம்மா கத்தினாள், "ஓடாதடி, வழுக்கும்!" வளைவுக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிந்தது. தண்ணீர் பள்ளத்தில்தானே இருக்கும் என்று என் அறிவைப் பயன்படுத்திக் கீழே இறங்கும் பாதையில் போனேன். அது விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் அடியில் போய் முடிந்தது. அதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் நான் வந்த தடத்தைக் காணவில்லை.

அப்போதுதான் என் பெயர் கேட்டது. அப்பாவின் குரல்.

அப்பா காட்டுக்குள் என் பெயரைச் சொல்லவே மாட்டார். அதோடு அவர் குரல் லாரி ஹாரன் மாதிரி கம்பீரமாக இருக்கும். இந்தக் குரலோ உடைந்து கீச்சென்று ஒலித்தது. இது வேற ஆள்தான், சந்தேகமே இல்லை. மரத்தின் அடியில் நுழைந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்து சித்தப்பாவின் குரலில் கூப்பிட்டது. பிறகு ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் குரலில் என் பெயரை இழுத்து நெளித்து அடையாளம் தெரியாமல் ஆக்கியது. இந்த நாட்டில் அவர்கள் கூட்டமாகத்தான் திரிகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விரல்கள் மரத்துப்போயின. மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகின. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் எப்படிப் பெருமைப்படுவார் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

பெயர் கூப்பிடுவது சட்டென்று நின்றது. பிறகு அம்மாவின் அலறல் கேட்டது.

"ஐயோ, வெளிய வாங்க! நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, பேர் சொன்னா வாயத் தொறக்காதன்னு! கூவித் தொலைங்களேன்!"

எந்தப் பேயாலும் அம்மாவைப் போலத் திட்ட முடியாது. நான் தலையை வெளியே நீட்டிய அதே நேரத்தில், நடுங்கி நடுங்கி, இரண்டு முறை கூவல் வந்தது. உயிரைக் கொடுத்து நானும் இரண்டு முறை கூவினேன்.

பனி கொட்டுவது நின்றிருந்தது. புதரை விலக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் அங்கேயே ஏரி. அம்மா ஒரு கையால் என்னை அறைந்து அதே கையால் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாகத்தான் நான் அந்த ஏரியை முதன்முதலாகப் பார்த்தேன். ஓரத்தில் கண்ணாடிபோல மெல்லிய பனிக்கட்டி, நடுவில் கரும்பச்சைத் தண்ணீர், அதற்குள் தலைகீழாக ஒரு வெள்ளை மலை. ஓரத்துப் பனிக்கட்டி ஓரிடத்தில் மட்டும் வழிபோல உடைந்து கிடந்தது. அதன் முன்னால் இடுப்புவரை நனைந்து அப்பா நின்றுகொண்டிருந்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வெடித்துக்கொண்டு வந்தது.

"நீங்க மட்டும் மொதல்ல எறங்கிட்டீங்க!"

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பல் தந்தியடித்தது. "சும்மா... தண்ணி எவ்ளோ சேஜுக்கு, எவ்ளோ குளுருன்னு பாத்தேன் லா, பாப்பா" என்றார்.

"நான் வாயே தொறக்கல, தெரியுமா?"

"கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு முகத்தை ஏரிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா எங்கே போனாலும் பையில் ஒரு சாரோங் கைலி இருக்கும். அதை அவருக்குச் சுற்றிவிட்டாள். வெள்ளைக்காரத் தாத்தா தன் கையுறைகளைக் கழற்றி அவருக்கு மாட்டினார். சபைகூடலுக்குப் படம் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததால் சித்தப்பா ஒன்று எடுத்தார். அதன் பிறகாவது ஏரியில் கால் வைக்கலாம் என்று போனேன். அப்பா என் கையை விட்டால்தானே! மலையிறங்கும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

மனப்பாடம் செய்திருந்த முதல் வரியை மாற்றவேண்டியதாயிற்று. "பனி ஏரியில் முதலில் இறங்கியவர் என் அப்பா" என்றே சபைகூடலில் தொடங்கினேன். பள்ளியே கைதட்டியது.

அந்தப் படம் இப்போது மெர்கோங்கில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. பெண்கள் கோட்டும் பூப்போட்ட சாரோங்குமாகப் பனிக்கு நடுவில் நிற்கும் மனிதரைப் பார்த்து விருந்தாளிகள் சிரிப்பார்கள். நான் கதையைச் சொல்வேன். எல்லாரையும்விட அப்பாதான் உரக்கச் சிரிப்பார். அம்மா மட்டும் தேத்தண்ணி கலக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விடுவாள்.

சித்தப்பா என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோதும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கரையில, பனி பாதி மூடின சின்னக் காலடி இருந்துச்சு, பாப்பா. எந்தப் புள்ளயோடதோ. தண்ணிப் பக்கம் போயிருந்துச்சு, திரும்பி வந்த தடத்தக் காணோம். அண்ணன நான் புடிச்சேன். ஒதறிட்டு எறங்கிட்டாரு" என்றார். கல்யாண மண்டபத்தில் பந்தியை மேற்பார்த்துக்கொண்டு நின்ற அப்பாவை அன்று நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்படி ஒரு மனிதரின் மகள் என்பதைவிடப் பெரிய கர்வம் எனக்கு வேறு இல்லை.

ஆனால் அன்றைக்கு மலையிலிருந்து திரும்பும்போது, காரின் பின்சீட்டில் அவருடைய கைக்குள் என் கையை வைத்துக்கொண்டு நான் நினைத்தது வேறு. ஆற்றங்கரையில் சிலிப்பருக்குக் காவல் இருக்கும் அப்பாவே ஆசையை அடக்க முடியாமல் இறங்கிவிட்டார் என்றால், அந்தத் தண்ணீர் எவ்வளவு அழகாக இருந்திருக்க வேண்டும்!